புலியில்லாப் பினாங்கும் மலாயாப் புலியின் எதிர்காலமும்

பினாங்கில் இன்று காட்டுப்புலி இல்லை. செபராங் பிறையின் தெற்கே, ஒருகாலத்தில் கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவானில் இப்போது தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. புலிப் பாதுகாப்பு என்றால் பேராக், பகாங், கிளந்தான், திரெங்கானுக்காரர்களின் கவலை என்று இங்குள்ளவர்கள் நினைப்பது இயல்பே. அந்த நினைப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பெரும்பூனை இனங்களின் வாழ்வும் சாவும் அவற்றை விலை பேசும் நகரங்களிலும், கைமாற்றும் துறைமுகங்களிலும், தண்டனை விதிக்கும் நீதிமன்றங்களிலும் கூடத் தீர்மானிக்கப்படுகின்றன.

1950களில் தீபகற்ப மலேசியாவில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 2008-இல் வகுக்கப்பட்ட தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம், 2020-க்குள் எண்ணிக்கையை 1,000-ஆக உயர்த்த இலக்கு வைத்தது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, எஞ்சியவை 150-க்கும் குறைவு என்று அறிவித்தது. இலக்கில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

காடழிப்புதான் காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அதில் உண்மை உண்டு. தோட்டங்களும் நெடுஞ்சாலைகளும் காட்டைத் துண்டாடிவிட்டன. ஆனால் அந்த விடை பேராக்கின் வடகோடியில் தடுமாறுகிறது. பெலும்–தெமெங்கோர் பரந்த மழைக்காடு. அதன் வடபகுதி மாநிலப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அங்கேயும் 2009-க்குப் பிந்தைய பத்தாண்டில் புலிகள் பெருமளவு குறைந்தன. காடு நின்றது, புலி போயிற்று. காரணம் கம்பியால் கட்டிய சுருக்குக் கண்ணி. செலவு அற்பம், செய்வது எளிது, வைத்தவன் திரும்பி வராவிட்டாலும் அது காத்திருக்கும். புலியின் தோல், எலும்பு, பல், நகம் அனைத்திற்கும் எல்லைகளுக்கு அப்பால் வாங்குவோர் இருக்கும்வரை கண்ணி வைப்பவனுக்குக் குறைவிராது.

சிவிங்கிப்புலியின் கதை இதைத் தெளிவாக்கும். முகலாயப் பேரரசர் அக்பர் ஆயிரம் வேட்டைச் சிவிங்கிகளைத் திரட்டியதாகவும், அவை கூண்டில் இணைசேரவே இல்லை என்றும் அவர் மகன் ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்பு கூறுகிறது. தம் காலத்தில் ஒரு பெண் சிவிங்கி குட்டி ஈன்றதை அவர் அதிசயமாகவே பதிந்துள்ளார். அரண்மனைக்கு வந்த ஒவ்வொரு சிவிங்கியும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். புல்வெளிகளும் இரைமான்களும் சுருங்கச் சுருங்க அந்த இழப்பை ஈடுகட்ட வழியில்லாமல் போயிற்று. 1952-இல் இந்தியா அந்த இனம் தன் மண்ணில் அற்றுவிட்டதாக அறிவித்தது.

இன்றைய ஆப்பிரிக்காவிலும் அதே கணக்கு நடக்கிறது. 2016-இன் இறுதியில் வெளிவந்த ஆய்வொன்று உலகில் சுமார் 7,100 சிவிங்கிகளே எஞ்சியுள்ளதாகவும், அவற்றின் பழைய வாழ்பரப்பில் 9 விழுக்காடே மிஞ்சியதாகவும் மதிப்பிட்டது. எத்தியோப்பியா, சோமாலியா பகுதிகளில் பிடிபடும் குட்டிகள் ஏடன் வளைகுடாவைப் படகில் கடந்து அரபு நாடுகளின் செல்வர் வீடுகளுக்குப் போகின்றன. வழியிலேயே மடிபவை பல. ஐக்கிய அரபு அமீரகம் 2016-இல் இவ்விலங்குகளைத் தனியார் வைத்திருக்கத் தடைவிதித்தது. சிவிங்கி வாழாத ஒரு நாட்டின் சட்டம் ஆப்பிரிக்கச் சிவிங்கியின் உயிரோடு இப்படித்தான் தொடர்புகொள்கிறது.

பினாங்கின் இடமும் அத்தகையதே. இம்மாநிலத்தைச் சேர்ந்த விலங்கு வணிகர் ஆன்சன் வோங் அரிய ஊர்வனவற்றைக் கடத்திய குற்றத்துக்காக 2001-இல் அமெரிக்காவில் 71 மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். 2010 ஆகஸ்டில், பினாங்கிலிருந்து இந்தோனேசியா செல்லும் வழியில், கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவருடைய பெட்டி திறந்துகொண்டது. உள்ளே 95 போவா பாம்புகள். முதலில் ஆறு மாதச் சிறையும் 190,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. உயர்நீதிமன்றம் சிறையை ஐந்தாண்டாக்கியது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வெகுவாகக் குறைத்து அவரை விடுவித்தது. அவர் சரக்கு பாம்பு, புலியல்ல. ஆனால் விமான நிலையமும் துறைமுகமும் வணிகத் தொடர்புகளும் கொண்ட ஒரு நகரம் கடத்தலுக்கு எவ்வளவு வசதியானது என்பதை இவ்வழக்கு காட்டிவிட்டது. இதற்கிடையே 2010 டிசம்பரில் 1972-இன் பழைய சட்டத்துக்கு மாற்றாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 திருத்தத்துக்குப் பின் உச்சத் தண்டனை பத்து லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை.

சந்தை இப்போது கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. தீபகற்ப மலேசியாவின் 14 ஃபேஸ்புக் குழுக்களை ஐந்து மாதம் கவனித்த, காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு, 300-க்கும் மேற்பட்ட காட்டுயிர்கள் விற்பனைக்கு வந்ததை 2016-இல் வெளியிட்டது.

இவ்வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. 2019-இல் திரெங்கானுவின் டுங்குனில் பிடிபட்ட ‘ஆவாங் பெசுல்’ என்ற புலி நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் நோயால் மாண்டது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் காட்டுப்பன்றிகளைக் கொன்று புலியின் இரையைக் குறைத்தது. சாலைகளிலும் புலிகள் அடிபடுகின்றன. இவற்றை வணிகத்தின் தலையில் கட்ட முடியாது. ஆயினும் மூவாயிரத்தில் ஒன்று போவதும் நூற்றைம்பதில் ஒன்று போவதும் ஒன்றாகா. நோயையும் விபத்தையும் தாங்கும் வலிமையை இனத்திடமிருந்து பறித்ததில் வேட்டைக்குப் பெரும் பங்குண்டு.

வேட்டையைத் தடுக்கவும் முடியும். பெலும் பகுதியில் ஜஹாய் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்களே காவலர்களாகச் சுற்றிவரத் தொடங்கியபின், ரோந்தும் கூடியபின், கண்ணிகள் வெகுவாகக் குறைந்துள்ளன. காட்டின் பக்கம் வேலை நடக்கிறது. பின்தங்கியிருப்பது நகரத்தின் பக்கம். பினாங்கு செய்ய வேண்டியவை மூன்று: சரக்கு முனையங்களிலும் கூரியர் நிலையங்களிலும் சுங்கத்துறையோடு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலர்களும் நிரந்தரமாக இருக்க வேண்டும், கடத்தியவனோடு நிற்காமல் பணம் போன வழியையும் விசாரிக்க வேண்டும், இணைய விற்பனையைக் காணும் பொதுமக்கள் உடனே புகார் தர வேண்டும்.