வெளிச்சம் முன்னால், சத்தம் பின்னால்



போன வாரம் ஒரே நாளில் ஒரே வீடியோ ஏழு பேரிடமிருந்து எனக்கு வந்தது. இரவு வானத்தில் பச்சை நிறத்தில் ஒரு தீப்பந்து பாய்ந்து போகிறது. ஊரே ஒரு நொடி பகலாகிறது. கீழே "உலக அழிவின் முதல் அறிகுறி, அனைவருக்கும் பகிரவும்" என்று எழுதியிருந்தது. என் நாத்தனார் போன் போட்டு, "அண்ணி, அடுத்த மாசம் பேத்திக்குக் காது குத்து வச்சிருக்கோம், இது ஏதும் கெட்ட சகுனமா?" என்று கேட்டாள். என்னிடம் படித்த ஒருவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, "டீச்சர், பசங்க பயப்படுறாங்க, என்ன சொல்லட்டும்?" என்று கேட்டிருந்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன் என் பழைய கடன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1980களின் கடைசி. ஓட்டுக் கட்டடத்தில் ஆறாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பையன் எழுந்து நின்றான். முந்தின ராத்திரி தாத்தாவோடு கடலைக் காட்டில் காவலுக்குப் படுத்திருந்தானாம். வானத்தில் ஒரு நெருப்புருண்டை போய் இரண்டாக உடைந்ததாம். "வெளிச்சம் போயிருச்சு டீச்சர். தாத்தா வெத்தலை மடிச்சு வாயில போட்டாரு. அதுக்கப்புறந்தான் டமார்னு சத்தம் வந்துச்சு" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். "உங்க தாத்தா வெத்தலை போடுற வரைக்கும் சத்தம் காத்துக்கிட்டு இருந்துச்சாக்கும்? கதை விடாம உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

எங்கள் பாடப்புத்தகத்தில் விண்கற்களைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. ஆசிரியர் பயிற்சியிலும் அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு வழியில்லை. மின்னல் முதலில் தெரியும், இடி பிறகுதான் கேட்கும் என்று அதே பருவத்தில் அதே வகுப்புக்கு நடத்தியவள் நான்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சூரியனைச் சுற்றிவரும் தூசியும் சிறு கற்களும் தினமும் பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. வேகம் நொடிக்குக் குறைந்தது 11 கிலோமீட்டர், அதிகபட்சம் 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கல்லுக்கு முன்னால் இருக்கும் காற்று நசுங்கிச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது ஆயிரக்கணக்கான டிகிரி. அரிசி மணி அளவுள்ள துகள்கூட வானத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு மறையும். அதைத்தான் எரிநட்சத்திரம் என்கிறோம். வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக எரிந்தால் அது தீப்பந்து. கல்லில் இருக்கும் நிக்கல், மெக்னீசியம் போன்றவை எரியும்போது பச்சை நிறம் தெரிவதுண்டு. எனவே வீடியோவில் வந்த பச்சை நிறத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

சத்தத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். பெரிய தீப்பந்து உடைவது பெரும்பாலும் 30, 40 கிலோமீட்டர் உயரத்தில். தலைக்கு நேர் மேலே உடைந்தாலும் சத்தம் நம்மிடம் வர ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். ஒரு பெரியவர் நிதானமாகச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, வெற்றிலையை மடித்து வாயில் போட அதே நேரம்தான் ஆகும். அந்தப் பையன் சொன்னது அவ்வளவு துல்லியமான சாட்சி.

பார்த்தவன் பேச்சை நம்பாத படித்தவள் நான் மட்டும் இல்லை. அது உலக வரலாற்றிலேயே இருக்கிறது.

1768 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டின் லூசே என்ற ஊரில், வயலில் வேலை செய்தவர்கள் இடி போன்ற சத்தம் கேட்டார்கள், வானத்திலிருந்து ஒரு கல் விழுவதையும் பார்த்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் கல் பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது, தொட முடியாத சூடு. பாரிஸ் அறிவியல் கழகம் அதை ஆராய ஒரு குழு அமைத்தது. அதில் லவாய்சியரும் இருந்தார். ஆக்சிஜன் பாடத்தில் கரும்பலகையில் நான் எழுதிப் போடுவேனே, அதே லவாய்சியர்தான். அந்தக் குழு கொடுத்த முடிவு, அது பூமியிலேயே இருந்த கல், மின்னல் தாக்கியதால் அப்படி ஆகியிருக்கிறது என்பது. வயலில் நின்று கண்ணால் பார்த்தவர்களின் பேச்சு எடுபடவில்லை.

1794இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாட்னி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். ஒலியியலின் தந்தை என்று சொல்லப்படுபவர். சட்டமும் படித்தவர். பல நாடுகளில், பல காலத்தில் தீப்பந்து பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் திரட்டி, நீதிமன்றத்தில் சாட்சிகளை ஒப்பிடுவது போல ஒப்பிட்டார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே விதமாகச் சொல்கிறார்கள் என்றால் அது நடந்ததாகத்தான் இருக்க வேண்டும், இந்தக் கற்கள் விண்வெளியிலிருந்து வருகின்றன என்றார். பலரும் கேலி செய்தார்கள்.

1803 ஏப்ரல் 26 அன்று பகலில், பிரான்ஸின் லேகிள் என்ற ஊரைச் சுற்றி ஏறக்குறைய 3000 கற்கள் விழுந்தன. விசாரிக்கப் போனவர் பியோ என்ற 29 வயது விஞ்ஞானி. அவர் நேராக லேகிளுக்குப் போகாமல் தூரத்து ஊரிலிருந்து ஆரம்பித்தார். குடியானவர், பாதிரியார், வழிப்போக்கர் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். எந்தத் திசையில் வெளிச்சம், எப்போது சத்தம், எங்கே கல் என்று குறித்தார். அந்தப் பக்கத்தில் முன்பு இப்படிக் கல் இருந்ததா, உலைகளில் இப்படிக் கழிவு வருமா என்றும் பார்த்தார். கற்கள் விழுந்த இடங்கள் முட்டை வடிவப் பரப்பில் அமைந்திருந்தன. அவருடைய அறிக்கைக்குப் பிறகுதான் வானத்திலிருந்து கல் விழும் என்பதைப் படித்த உலகம் ஏற்றுக்கொண்டது. பியோ பெரிய கருவி எதையும் கொண்டுபோகவில்லை. ஊர்க்காரர்கள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டார்.

1908 ஜூன் 30 காலை. சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய விண்கல் காற்றிலேயே வெடித்தது. 2000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காடு சாய்ந்தது. ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தள்ளி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர், சட்டையே பற்றிக்கொண்டது போலச் சூட்டை உணர்ந்தார். அதற்குப் பிறகே அதிர்வு வந்து அவரைத் தூக்கி எறிந்தது. லியோனிட் குலிக் என்ற ஆய்வாளருக்கு இந்தச் செய்தி 1921இல் கிடைத்தது, அதுவும் கிழித்த பழைய நாட்காட்டித் தாள் ஒன்றிலிருந்து. அவர் அந்தக் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது 1927இல். பெரிய பள்ளம் இருக்கும் என்று தேடினார். பள்ளம் இல்லை. நடுவில் இருந்த மரங்கள் கிளையில்லாமல் கம்பம் போல நின்றன, சுற்றியிருந்தவை வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கல் தரையைத் தொடாமலே இவ்வளவும் நடந்திருக்கிறது.

பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். எரிகல்லில் ஆபத்து என்றால் தலையில் கல் விழுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். துங்குஸ்காவில் காட்டைச் சாய்த்தது காற்றின் அதிர்வு. அதே கதை ஒரு நகரத்தின் மேல் நடந்ததையும் நம் காலத்தில் பார்த்துவிட்டோம்.

2013 பிப்ரவரி 15. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரம், கடுங்குளிர், காலை 9.20 மணி. ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள கல், நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 30 கிலோமீட்டர் உயரத்தில் உடைந்தது. ஹிரோஷிமா குண்டைப் போல ஏறக்குறைய 30 மடங்கு சக்தி. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியிலும் முன்னால் சிக்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து மக்கள் என்ன செய்தார்கள்? நீங்களும் நானும் செய்வதைத்தான். என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அதிர்வு வந்து கண்ணாடிகள் நொறுங்கின. ஏறக்குறைய 1500 பேர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். பெரும்பாலானவை கண்ணாடி கிழித்த காயங்கள். ஒருவரும் இறக்கவில்லை.

அங்கே ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியை இருந்தார். அந்த வெளிச்சம் என்னவென்று அவருக்கும் தெரியாது. ஆனால் 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். கண்ணாடி உடைந்தபோது பிள்ளைகளில் ஒருவருக்கும் காயமில்லை. அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், கையில் ஆழமாக வெட்டுப்பட்டது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தக் கடலைக்காட்டுப் பையன் ஞாபகம் வந்தான். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி உண்டு என்று அவன் கண்ணால் பார்த்து வந்து சொன்னான். அதை நான் கேட்டிருந்தால், அன்று முதல் வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அத்தனை வருடமும் சொல்லாமலே போனது.

சரி, பூமிக்கு என்ன ஆகும்? சிறு தீப்பந்துகள் தினமும் எங்காவது எரிகின்றன. பெரும்பாலும் கடல் மேலும் ஆளில்லாத இடத்திலும் எரிவதால் நமக்குத் தெரிவதில்லை. இப்போது தெருவெல்லாம் கேமரா இருப்பதால் அடிக்கடி தெரிகிறது. செல்யாபின்ஸ்க் அளவுக் கல் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரலாம், துங்குஸ்கா அளவு சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை. சில கற்கள் வந்துவிட்டுத் திரும்பியும் போகும். 1972 ஆகஸ்ட் 10 அன்று பட்டப்பகலில் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து கனடா வரை ஒரு தீப்பந்து போனது. தரையிலிருந்து 57 கிலோமீட்டர் வரை இறங்கி, மறுபடி விண்வெளிக்கே போய்விட்டது.

இன்று நாம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டும் இல்லை. 2008 அக்டோபரில் சில மீட்டர் அளவுள்ள கல் ஒன்றை, அது பூமியைத் தொடுவதற்கு ஏறக்குறைய 19 மணி நேரம் முன்பே கண்டுபிடித்து, சூடான் பாலைவனத்துக்கு மேல் எரியும் என்று சொன்னார்கள். அப்படியே எரிந்தது. கார்ட்டூம் பல்கலைக்கழக ஆசிரியரும் மாணவர்களும் மணலில் வரிசையாக நடந்து தேடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அது சுற்றிவரும் நேரத்தை ஏறக்குறைய அரை மணி நேரம் குறைத்தது. கல்லைத் தள்ளிவிட முடியும் என்று காட்டிவிட்டார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். 340 மீட்டர் அளவுள்ள அபோஃபிஸ் என்ற சிறுகோள் 2029 ஏப்ரலில் பூமியிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். நம் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை 3 மணிக்குச் சற்றுப் பின், அதாவது சித்திரை முதல் நாள் விடியும் முன். அது மோதாது. அடுத்த 100 வருடத்துக்கும் ஆபத்தில்லை என்று கணக்கிட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வருடப் பிறப்புக்கு உங்கள் போனில் எத்தனை வீடியோ வரும் என்று இப்போதே எனக்குத் தெரிகிறது. அப்போது இந்தப் பதிவை எடுத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கண் கூசும் வெளிச்சம் வானத்தில் வந்தால் ஜன்னலுக்கு ஓடாதே. கண்ணாடியை விட்டு விலகி, மேசைக்கடியிலோ சுவரோரமோ உட்கார். மூன்று நான்கு நிமிடம் பொறு. பிறகு எந்தத் திசை, எவ்வளவு நேரம் கழித்துச் சத்தம் என்று எழுதி வை. அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னால் சிரிக்காமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

நாத்தனாருக்கு: காது குத்து தாராளமாக நடக்கட்டும், முதல் பந்தியிலேயே நான் இருப்பேன்.

கடலைக்காட்டில் படுத்திருந்த அந்தப் பையனுக்கு: உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ இதைப் படித்தால் உனக்குத் தெரியும். நீ சொன்னது சரிப்பா, தப்பு என் மேல்தான். டீச்சரை மன்னித்துவிடு. வீட்டுப் பக்கம் ஒருநாள் வா. அன்றைக்கு நீ சொல்ல வந்து நான் நிறுத்திய மிச்சத்தை முழுசாகக் கேட்க வேண்டும்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் டீச்சர்