சமயக் கல்வி ஆசிரியர் பயிற்சி (இங்கிலாந்து)

இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில், 11 வயது முதற்கொண்டு 18 வயது வரையுள்ள மாணவர்க்குச் சமயங்களைப் பற்றிப் போதிக்க முன்வரும் பட்டதாரிகள், உத்தியோகத்தில் அமர்வதற்கு முன் பெரும்பாலும் ஓராண்டு பெறும் பயிற்சி இப்பெயரால் வழங்கும். கணிதம் கற்பிப்பவர் தம் சாஸ்திரத்தில் தமக்குள்ள பற்றை வகுப்பில் மறைக்க வேண்டியதில்லை. சமயக் கல்வி ஆசிரியரோ, எம்மதத்தைச் சார்ந்தவராயினும், எதையும் சாராதவராயினும், தம் விசுவாசத்தை மாணவர்மேல் ஏற்றாமலே மதங்களின் உட்பொருளை விளக்கக் கற்க வேண்டியவராயிருக்கிறார்.

இந்நிலை படிப்படியாக உருவாயிற்று. உள்ளூர்க் கல்வி வாரியங்களின் பள்ளிகளில் எந்தத் திருச்சபைக்கும் பிரத்தியேகமான ஞானோபதேச வினாவிடையையும் போதிக்கலாகாதென்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1944இல் அக்காலக் கல்வி அமைச்சர் பட்லர் கொணர்ந்த சட்டம் சமய போதனையைக் கட்டாயமாக்கியதோடு, குழந்தையை அதனின்றும் விலக்கிக்கொள்ளும் சுதந்திரத்தைப் பெற்றோர்க்கு உறுதிசெய்து, திருச்சபையாரும் ஆசிரியர் சங்கத்தாரும் உள்ளூராட்சியினரும் கூடி இசையும் உடன்பாட்டுப் பாடத்திட்டத்தையும் விதித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறியோரின் குழந்தைகள் வகுப்புகளில் நிறைந்த காலத்தில், 1967இல் லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஆராய்ச்சித் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், மதங்களை மதமாற்ற நோக்கமின்றிப் பயிலலாம் என்னும் கொள்கைக்கு உருக்கொடுத்தார். 1975இல் பர்மிங்ஹாம் நகரத்தார் பிற மதங்களையும் கம்யூனிசத்தையுங்கூடத் தம் பாடத்திட்டத்தில் சேர்த்தபோது பெருங்கண்டனம் எழுந்தது. எனினும், கிறிஸ்துவத்துக்கு முதன்மை தந்து, நாட்டிலுள்ள ஏனைய பிரதான மதங்களையும் கருதவேண்டுமென 1988ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

பயிற்சிக்கு வருவோர் பட்டமும், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. என்னும் பதினாறாம் வயதுப் பள்ளிப் பரீட்சையில் குறைந்தது நான்காம் தரமும் பெற்றிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலோ, பள்ளிகள் கூடி நடத்தும் பயிற்சி நிலையத்திலோ சேர்ந்து, குறைந்தது இரு பள்ளிகளில் 120 நாட்களுக்குக் குறையாமல், வழிகாட்டி ஆசிரியரின் மேற்பார்வையில் அப்பியாசம் செய்து, அரசின் ஆசிரியர் தகுதியை அடைகிறார்கள், பெரும்பாலோர் பி.ஜி.சி.இ. என்னும் பட்டமேற்படிப்புக் கல்விச் சான்றிதழையும் உடன் பெறுகிறார்கள். அதன் பின்னும், 2021 முதல், இரண்டாண்டுத் தொடக்கநிலைப் பயிற்சி உண்டு.

உண்மையான சிரமம் விஷய ஞானத்தைப் பற்றியது. வருவோரில் ஒருவர் கிறிஸ்துவ வேதசாஸ்திரம் படித்திருப்பார், மற்றொருவர் தத்துவம், வேறொருவர் சமூகவியல். கிறிஸ்துவம், இஸ்லாம், யூதம், இந்து, பௌத்தம், சீக்கியம் ஆகிய ஆறு பெருமதங்களையும் ஒருங்கே அறிந்தவர் அரிது. தமக்குப் பழக்கமற்ற மதத்தைச் சில வாரங்களில் நூல்களாலும் ஆலய தரிசனத்தாலும் அறிந்து, உடனே பதின்மூன்று வயதினர் முன் நிற்க நேர்கிறது. முஸ்லிம்கள் இப்படிச் செய்வார்கள் என்று பொதுப்படக் கூறாமல் முஸ்லிம்களில் பலர் என்று கூறவும், நபிகளின் உருவத்தை வரையச் சொல்லாதிருக்கவும், சீக்கியர் உயிருள்ள குருவாகவே போற்றும் திருநூலான குரு கிரந்த சாகிபை மற்றப் பாடசாதனங்களோடு வைத்தெண்ணாதிருக்கவும் பயில்கிறார்கள். நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா, சார், என்று மாணவன் கேட்டால் மறைப்பதா, சொல்வதா என்பதில் ஆசிரியர்களிடையே இன்றும் அபிப்பிராய பேதமுண்டு. எதைத் தேர்ந்தாலும், முன்னமே யோசித்துத் தேர்ந்திருப்பது நலம். பாடநூல்களின் இந்து மதம் பெரும்பாலும் மும்மூர்த்திகளையும் கர்மத்தையும் தீபாவளியையும் சுற்றியே நிற்பதால், லண்டனில் வளரும் ஈழத்துச் சைவச் சிறுவன் தன் வீட்டு முருகனை அதில் காண்பது அரிதென்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

கத்தோலிக்கப் பள்ளிகளின் முறை வேறு. அங்கே சமயபாடம் திருச்சபையின் போதனையை ஒட்டியே நடைபெறும். அத்துறையின் தலைவர் மதாசாரம் வழுவாத கத்தோலிக்கராயிருக்க வேண்டுமென்று ஆயர்கள் விதித்துள்ளனர். மதச் சார்பற்ற பொதுப் பள்ளிகளில் இவ்விதக் கட்டுப்பாடில்லை. ஆனால் தகுதி பெற்றோர் போதாமையால், சரித்திரமோ தேகப்பயிற்சியோ கற்பிப்பவரிடம் வாரத்துக்கு ஒரு பாடவேளையாக இப்பாடம் ஒப்படைக்கப்படுவது சாதாரணமாயிருக்கிறது. மேற்கூறிய பயிற்சியில் சமய பாடத்துக்குரிய பகுதியை அவர் பெரும்பாலும் பெற்றிருப்பதில்லை.