தப்பால் பையும் தேயிலைப் பக்கெட்டும்

போன வருசம் எங்க நண்பி ஒருத்திக்குக் கொழும்பில இருந்து ஒரு சின்னப் புத்தகப் பொதி வந்தது. வந்ததுன்னா தோட்டத்துக்கு வந்தது. லயத்துல இருக்கிற அவ கைக்குக் கிடைக்க மூணு கிழமை ஆச்சு. பிழை யாருடையதுன்னு தேடப்போன நாங்கள், வரலாற்றுக்குள்ள போய் விழுந்தோம்.

பொதி அனுப்புறதுக்கு அடிப்படை மூணு: இறுக்கமாகக் கட்டணும், நிறுக்கணும், விலாசம் எழுதணும். முதல் ரெண்டையும் எங்க மலை எப்பவோ படிச்சிருச்சு. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னையில் தோட்டம் வாங்கினார். கடைகளில் அள்ளி நிறுத்து விற்ற தேயிலையை ஒரு இறாத்தல், அரை, கால் என்று பக்கெட்டில் அடைத்து விற்றார். 1893இல் ரயில் அப்புத்தளைக்கு வந்தது. அதுக்கு முன்னாலேயே, 1880இல், பாரிசில் கூடிய நாடுகள் எல்லை தாண்டிச் சின்னப் பொதிகளைத் தபாலில் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தன. ஆக, எங்க ஆட்கள் பறித்த கொழுந்து கடல் தாண்டிச் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பறித்தவர்களுக்கு? அவங்களுக்குத் தப்பால்காரர்தான். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருத்தர் தினமும் தபால் கந்தோருக்கு நடந்து போய்ப் பையைத் தூக்கி வருவார். பை தொரையின் கந்தோருக்குத்தான் போகும். லயத்துக் கடிதமும் அங்கேயே இறங்கும். யாராவது சொல்லியனுப்பினால் போய் வாங்கிக்கலாம். பெயர், அப்பா பெயர், டிவிசன், தோட்டம். இதுதான் விலாசம். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தா, கடிதம் யாருக்கு?

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அக்கா அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. பிறகு உறவைப் பிடித்து வைத்திருந்தது கடிதம்தான். அந்தக் கடிதமும் இந்த ஒரே பை வழியாத்தான் வந்தாகணும்.

பையைத் தூக்குற ஆள் மாறினாலும், பல தோட்டங்களில் கடிதம் இன்றும் கந்தோரில்தான் இறங்குது. நேர்முகத் தேர்வுக் கடிதம், பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் பிந்திக் கிடைத்த கதை நம்மில் பலருக்கும் தெரியும்.

இது வெறும் பார்சல் பிரச்சினையும் இல்லை. 2014 ஒக்டோபர் 29, எங்க ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. உள்ளே எத்தனை பேர் என்று முதல் நாட்களில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை; எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறியது.

தேயிலைப் பக்கெட்டுக்கு முகவரி கிடைத்து 130 வருசம் தாண்டிருச்சு. வீட்டுக்கு ஒரு இலக்கம், பாதைக்கு ஒரு பெயர், வாசலுக்கு வரும் தபால்காரர். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.