கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட்: ஐதராபாத்தின் ஐந்து ஆட்டங்கள்

கிரிக்கெட்டில் 'நெருக்கடி' என்னும் சொல் பெரும்பாலும் மனநிலையைக் குறிக்கவே ஆளப்படுகிறது. நூலிழையில் வென்ற அணிக்கு நெஞ்சுரம் இருந்தது என்பர். தோற்ற அணி பதற்றத்தில் விழுந்தது என்பர். இவ்விளக்கத்தின் குறை வெளிப்படையானது. முடிவு தெரிந்த பின்னரே அது எழுதப்படுகிறது. கடைசிப் பந்து இரண்டங்குலம் விலகிச் சென்றிருந்தால் நெஞ்சுரமும் பதற்றமும் இடம் மாறியிருக்கும். ஆகவே நெருக்கடியை வரலாற்று நோக்கில் ஆராய விரும்புவோர் மனத்தை விட்டுச் சற்று விலகி, ஆட்டப் பதிவேட்டில் அது எங்கே தடம் விட்டுச் செல்கிறது என்று தேடுவதே தக்கது.

அதற்கு ஐதராபாத் நல்லதொரு களம். ஃபதே மைதான் என்று முன்பு அழைக்கப்பட்ட லால் பகதூர் விளையாட்டரங்கிலும், 2005 முதல் பன்னாட்டு ஆட்டங்கள் நடந்துவரும் உப்பல் அரங்கிலுமாக, மூன்று ஓட்டங்களோ அதற்கும் குறைவோ வேறுபாட்டில் முடிந்த ஐந்து ஆட்டங்களை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மூன்று, பெருந்தொடர்ப் போட்டிகளைச் சேர்ந்தவை; இரண்டு, இரு நாடுகளுக்கிடையிலான தொடர்களில் நடந்தவை. ஐந்துக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் இலக்கைத் துரத்திய அணி தோற்றது. கடைசி ஓவரில் அதன் மட்டையாளர் ஒருவர் ரன் அவுட் ஆனார்.

முதலாவது, 1987 மார்ச் 20 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய 44 ஓவர் ஆட்டம். இந்தியா 6 விக்கெட் இழப்புக்கு 212 ஓட்டங்கள் எடுத்தது. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு இரண்டு ஓட்டங்கள் தேவை. ஓர் ஓட்டத்தை முடித்து இரண்டாவதற்கு ஓடிய அப்துல் காதிர் ரன் அவுட் ஆனார். பாகிஸ்தான் 7 விக்கெட் இழப்புக்கு 212. ஓட்டங்கள் சமம்; ஆயினும் குறைந்த விக்கெட்டுகளை இழந்த அணிக்கே வெற்றி என்ற அன்றைய விதியின்படி இந்தியா வென்றது. ஓர் ஓட்டத்தோடு நின்றிருந்தால் இரு அணிகளும் 6 விக்கெட்டுக்கு 212 என விக்கெட்டிலும் சமமாகியிருக்கும். இன்றைய விதிப்படி இவ்வாட்டம் 'டை' என்றே பதிவாகும். காதிரின் ஓட்டத்தைத் தோல்வியாக்கியதில் அவருடைய கால்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு விதிக்கும் உண்டு.

அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று அதே மைதானத்தில் நியூசிலாந்தும் ஜிம்பாப்வேயும் உலகக்கோப்பையில் சந்தித்தன. 243 என்ற இலக்கைத் துரத்திய ஜிம்பாப்வே 104 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்திருந்தது. டேவ் ஹௌட்டனும் இயன் புட்சார்ட்டும் எட்டாவது விக்கெட்டுக்கு 117 ஓட்டங்கள் சேர்த்தனர். ஹௌட்டன் 142 ஓட்டங்களில், மார்ட்டின் குரோ நெடுந்தொலைவு ஓடிப் பிடித்த கேட்சில் வீழ்ந்தார். அதன்பின் பிராண்டஸ் ரன் அவுட். கடைசி ஓவரின் நான்காம் பந்தில் புட்சார்ட்டும் ரன் அவுட். 49.4 ஓவர்களில் 239. தோல்வி மூன்று ஓட்டங்களில்.

இதன் எதிரொலி போன்ற ஓர் ஆட்டம் 2009 நவம்பர் 5 அன்று உப்பலில் நடந்தது. ஆஸ்திரேலியா 350 ஓட்டங்கள் குவிக்க, சச்சின் டெண்டுல்கர் 141 பந்துகளில் 175 எடுத்து, ஒருநாள் ஆட்டங்களில் 17,000 ஓட்டங்களையும் அன்றே கடந்தார். அவர் ஆட்டமிழந்தபோது 17 பந்துகளில் 19 ஓட்டங்கள் தேவை. கையில் மூன்று விக்கெட்டுகள். பின்னர் ஜடேஜா ரன் அவுட். கடைசி விக்கெட்டாகப் பிரவீண் குமாரும் ரன் அவுட். ஜிம்பாப்வேயைப் போலவே 49.4 ஓவர்கள், மூன்று ஓட்டங்களில் தோல்வி. இரு ஆட்டங்களிலும் நூறைக் கடந்து வெகுதூரம் சென்ற மட்டையாளர் வெளியேறிய பின், எஞ்சியவர்களிடம் பெரிய அடி இல்லை. ஓட்டத்தை ஓடியே எடுக்க வேண்டியிருந்தது. களத்தடுப்பாளர்களும் அதை அறிந்திருந்தனர்.

நான்காவதும் ஐந்தாவதும் ஐ.பி.எல். இறுதி ஆட்டங்கள். இரண்டும் உப்பலில் நடந்தன; இரண்டிலும் ரோகித் சர்மா தலைமையிலான மும்பை இந்தியன்ஸ் ஓர் ஓட்டத்தில் வென்றது. 2017 மே 21 அன்று 79 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்த மும்பை, குருணால் பாண்டியாவின் 47 ஓட்டங்களால் 129ஐ எட்டியது. புனே அணியில் ரஹானே 38 பந்துகளில் 44, ஸ்மித் 50 பந்துகளில் 51. கடைசி ஓவர் தொடங்கும்போது புனே 3 விக்கெட்டுக்கு 119, தேவை 11. மிட்செல் ஜான்சனின் முதல் பந்தில் மனோஜ் திவாரி நான்கு அடித்தார். அடுத்த இரு பந்துகளில் திவாரியும் ஸ்மித்தும் கேட்ச் கொடுத்து வெளியேறினர். கடைசிப் பந்தில் வெற்றிக்கு நான்கு, சமன் செய்ய மூன்று. டேன் கிறிஸ்டியன் மூன்றாவது ஓட்டத்தில் ரன் அவுட் ஆனார். மறுமுனையில் ஒரு பந்து மட்டுமே சந்தித்து நின்றவர் சென்னையைச் சேர்ந்த 17 வயது வாஷிங்டன் சுந்தர்.

2019 மே 12 அன்று நடந்தது தமிழ் வாசகர் மறக்கவியலாத ஆட்டம். மூன்று பார்வையாளர் மாடங்களைத் திறக்க அனுமதி கிட்டாததால் சேப்பாக்கத்திலிருந்து ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட இறுதி ஆட்டம் அது. மும்பை 149. சென்னையின் துரத்தலில், கைதவறிய எறிதலில் கிடைத்த கூடுதல் ஓட்டத்துக்கு முயன்ற தோனி, இஷான் கிஷனின் நேரடி எறிதலில் ரன் அவுட் ஆனார். மூன்றாம் நடுவரின் நீண்ட ஆய்வுக்குப் பின் வந்த அத்தீர்ப்பு இன்றும் விவாதிக்கப்படுகிறது. கடைசி ஓவருக்கு ஒன்பது ஓட்டங்கள் தேவைப்பட்டன. அதற்குமுன் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் கொடுத்திருந்த மலிங்காவிடமே ரோகித் பந்தைத் தந்தார். முதல் மூன்று பந்துகளில் ஒன்று, ஒன்று, இரண்டு. நான்காம் பந்தில் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடிய ஷேன் வாட்சன் 80 ஓட்டங்களில் ரன் அவுட். ஐந்தாம் பந்தில் சர்துல் தாக்கூர் இரண்டு எடுத்தார். கடைசிப் பந்தில் எல்.பி.டபிள்யூ. சென்னை 148.

பதிவேட்டில் இந்த ரன் அவுட்டுகள் அனைத்தும் ஒரே சொல்லாகவே நிற்கின்றன. ஆனால் அவற்றின் விலை ஒன்றல்ல. கிறிஸ்டியனின் ரன் அவுட்டுக்கு விலையே இல்லை. மூன்றாவது ஓட்டத்துக்கு ஓடாமல் நின்றிருந்தாலும் புனே தோற்றிருக்கும். காதிரின் விலையை விதி நிர்ணயித்தது. புட்சார்ட்டும் பிரவீண் குமாரும் கடைசி விக்கெட்டுகள். இரு பந்துகள் மீதமிருக்கையில் ஆட்டமே அவர்களோடு முடிந்தது. வாட்சனின் இழப்பே மிகக் கடுமையானது. அந்த ஓட்டம் நிறைவுற்றிருந்தால் இரு பந்துகளில் மூன்று ஓட்டங்கள் தேவைப்பட்டிருக்கும். எதிர்கொள்பவர் 59 பந்துகள் ஆடிய வாட்சனாகவே இருந்திருப்பார். மாறாக, இரு பந்துகளில் நான்கு என்ற கணக்கு, அப்போதுதான் களமிறங்கிய தாக்கூரிடம் சென்றது.

மேலும், கடைசி ஓவர் நெருக்கடியைப் பிறப்பிப்பதில்லை. முன்னரே சேர்ந்த கடனை வசூலிக்கிறது. புனே அணி ஏழு விக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே கடைசி ஓவருக்குள் நுழைந்தது. அதுவரை அந்த அணியிடம் பதற்றத்தின் அறிகுறி இல்லை. மிகை எச்சரிக்கையே இருந்தது. செலவிடாத விக்கெட்டுகளுக்கு ஆட்டம் முடிந்தபின் மதிப்பில்லை. 2019இல் பும்ராவின் நான்கு ஓவர்களில் 14 ஓட்டங்களே கிடைத்தன. அவருடைய கடைசிப் பந்தில் விக்கெட் காப்பாளர் டி காக் தவறவிட்டு நான்கு பை ஓட்டங்கள் சென்றன. வென்ற அணியும் நெருக்கடியில் தவறு செய்தது. ஆனால் அத்தவறைத் தாங்குமளவு சேமிப்பை முன்னரே ஈட்டியிருந்தது.

இது ஐதராபாத்துக்கு மட்டும் உரியதன்று. 1999 உலகக்கோப்பை அரையிறுதியில் எட்ஜ்பாஸ்டனில் ஆலன் டொனால்ட், 2016இல் பெங்களூரில் கடைசிப் பந்தில் தோனி ஓடிவந்து வீழ்த்திய வங்கதேச மட்டையாளர், 2019 ஜூலையில் லார்ட்ஸ் இறுதியாட்டத்தின் சூப்பர் ஓவரில் கப்டில் என இவ்வரிசை நீள்கிறது. பிற ஆட்டமிழப்புகளில் பெரும்பாலும் ஒருவருடைய முடிவே சோதிக்கப்படுகிறது. ரன் அவுட்டில் மட்டும் 22 கெஜ இடைவெளியில் நிற்கும் இருவர் ஒரு நொடிக்குள் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். பெயர் பதிவாவதோ ஒருவருடையது மட்டும்.

பழியும் அப்பெயர்மீதே படிகிறது. காதிர், வாட்சன், தோனி ஆகியோரைக் குறித்த பொதுநினைவு அவ்வாறு உருவானதே. நெருக்கடியின் வரலாற்றை எழுத முனையும் மாணவர் அந்தப் பெயரைத் தாண்டி மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: அப்பந்துக்குமுன் கணக்கு என்ன? நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அந்த ஓட்டத்தைக் கட்டாயமாக்கிய ஓவர் எது? 2017 இறுதியாட்டத்தில் மூன்றாம் கேள்விக்குரிய விடை, கிறிஸ்டியன் களமிறங்குவதற்கு வெகுமுன்பே ஆடப்பட்ட நடு ஓவர்களில் இருக்கிறது.