கனத்தையில் கட்டிய வெள்ளைத் துணி

2020 மார்ச்சில் கொழும்பின் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஜும்ஆ நின்றது. அவ்வாண்டு நோன்பில் தராவீஹும், பின் பெருநாள் தொழுகையும் வீடுகளிலேயே நிறைவேறின. முஸ்லிம்களுக்கு இது சிறிய இழப்பல்ல, ஆயினும் ஏற்றுக்கொண்டார்கள். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையலாகாது, அங்கிருந்து வெளியேறலாகாது என்ற நபிவழியை அறிந்தவர்கள். ஷாமில் நோய் பரவியதைக் கேட்டு உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து திரும்பிய வரலாறும் தெரியும். தனித்திருக்கும்படி அவர்களை மிரட்ட வேண்டியிருக்கவில்லை.

முறிவு வேறிடத்தில் நேர்ந்தது. கொவிட்டால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென்று ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி விதித்தது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது.

ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணி வெடித்தது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பகுதிகளில் ஊரடங்கு. நெருங்கிய சிறுவீடுகள், நாட்கூலி வாழ்வு. காய்ச்சல் கண்டவர் உடனே முன்வந்து சொன்னால்தான் மற்றவர் தப்ப முடியும். ஆனால் சொன்னால் பிசிஆர். நோய் உறுதியானால் வைத்தியசாலை. அங்கே மௌத்தானால் நெருப்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மூதாட்டியொருத்தி, பனடோலை விழுங்கிவிட்டு வீட்டிலேயே கிடப்போம் என்று எண்ணினால் அதை அறியாமை என்பதா? முகக்கவசமும் கைகழுவலும் பற்றி ஒலிபெருக்கியில் எத்தனை முறை சொல்லியும் என்ன? சொன்ன வாயே ஜனாஸாவைப் பறித்தது. ஏழைகள் மருத்துவத்தை நாட அஞ்சக்கூடும் என்று ஐ.நா. நிபுணர்களும் 2021 ஜனவரியில் எச்சரித்தார்கள்.

அதற்கு முன்பே, டிசம்பரில், பிறந்து இருபது நாளான முஸ்லிம் சிசுவொன்று பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகப் பொரளை கனத்தையில் எரிக்கப்பட்டது. மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கபனின் துண்டுகள் அவை. கட்டிய கைகளில் சிங்களவர், தமிழர் கைகளும் இருந்தன. துணிகள் அகற்றப்பட்டன, பிற ஊர்களிலும் கட்டினார்கள். முகக்கவசம் அணிந்தபடியே கட்டினார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

அடக்கத்தை அனுமதித்த வர்த்தமானி 2021 பெப்ரவரி 25இல் வந்தது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து சென்ற மறுநாள். மருத்துவ சங்கங்கள் அடக்கத்துக்குத் தடையில்லை என்று சொல்லி ஏறத்தாழ இரு மாதங்கள் ஆகியிருந்தன. அப்போதும் சொந்த மையவாடி கிடைக்கவில்லை. மார்ச் 5 முதல் கொழும்பின் ஜனாஸாக்கள் கிழக்கே ஓட்டமாவடிக்குப் போயின. அங்கே பிற மதத்தவரும் அடக்கப்பட்டார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நீர் கெடவில்லை என்று ஆய்வுகளும் காட்டியிருந்தன.