ஜிம் நோட்டு எங்கிருந்து வந்தது?

இன்னைக்கு என் எக்ஸெல் ஷீட்டில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் உடம்பைக் குறைக்கணும்னு பன்னிரண்டு வாரம் 'கட்' போட்டேன். தினமும் 1,400 கலோரி. ஐந்தாவது வாரத்திலிருந்து ஸ்குவாட் எடை இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் ஒழுங்காகப் பதிவு செய்தேன். பதிந்ததைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சோம்பேறித்தனம்னு என்னையே திட்டிக்கிட்டு, இன்னும் நூறு கலோரி குறைத்தேன். ஆபீஸ் ஏசியில் ஸ்வெட்டர் போட்டு நடுங்குவேன். ராத்திரி தூக்கம் வராமல் பரோட்டா வீடியோ பார்ப்பேன். இந்த மாதிரி நோட்டு போடும் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று அப்போதுதான் தேடிப் போனேன். நான் எதிர்பார்த்தது பாடிபில்டர்களை. கிடைத்தது இரண்டாம் உலகப் போர்.

சிகாகோவில் கார்டினர் ராணுவ மருத்துவமனை. அங்கே தாமஸ் டிலோர்ம் என்று ஒரு இளம் டாக்டர். முழங்கால் அடிபட்ட வீரர்கள் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள். லேசான எடையைப் பல தடவை தூக்க வைப்பதுதான் அன்றைய வழக்கம். டிலோர்ம் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் விழுந்து, வெயிட் தூக்கித் தேறியவர். அதனால் துணிந்து, வீரர்களின் காலில் இரும்பு பூட்ஸ்களை மாட்டி கனமான எடை கொடுத்தார். ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடித்து, வாராவாரம் சோதித்து, ஏற்றினார். 1945-இல் கட்டுரை வந்தது. 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதைச் சுருக்கினார்: அந்த எடையில் பாதி, முக்கால், முழுசு, ஒவ்வொன்றும் பத்து முறை. நாம் இன்றும் போடுகிற 'மூணு செட், பத்து ரெப்' இதிலிருந்து பெரிசாக விலகவில்லை.

அதை மாதக்கணக்கான கட்டங்களாகப் பிரித்தது பிற்பாடு. 1960-களில் சோவியத் ஆய்வாளர் லெவ் மத்வேயெவ் தயாரிப்புக் காலம், போட்டிக் காலம், இடைக்காலம் என்று முறைப்படுத்தினார். வருஷம் முழுக்க ஒரே வேகத்தில் ஓட முடியாது, இல்லையா?

சரி, சாப்பாடு? டிலோர்ம் எடை ஏற்றிக்கொண்டிருந்த அதே சமயம், 1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று தெரிய வேண்டும், அதற்காக. 12 வாரம் வழக்கமான உணவு, 24 வாரம் அரைப்பட்டினி, 12 வாரம் மீட்பு. ஒவ்வொருவரின் எடையையும் பார்த்து வாராவாரம் ரேஷனைக் கூட்டிக் குறைத்தார்கள். உடல் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது. பலம் போனது. எப்போதும் குளிர், எரிச்சல். சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு.

அரைப்பட்டினியில் அவர்களுக்குக் கொடுத்தது சராசரியாக சுமார் 1,570 கலோரி. இதைப் படித்துவிட்டு என் 1,400-ஐப் பார்த்தேன். அவர்கள் வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்தார்கள், உடம்பும் வேறு; நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஸ்வெட்டரும் பரோட்டா வீடியோவும் உடனே புரிந்துபோச்சு. சோம்பேறித்தனம் இல்லைங்க, பசி.

டிலோர்மும் கீஸும் எண்களை எழுதியது அடுத்த வாரம் எதை மாற்றணும்னு முடிவெடுக்க. நான் எழுதியது என்னைத் திட்ட.

இப்போ என் ஷீட்டில் எட்டு வாரம் எடை ஏற்றும் கட்டம், பிறகு நாலு வாரம் மட்டும் லேசான குறைப்பு. தூக்கம், பசி, எரிச்சலுக்கும் ஒரு காலம் போட்டிருக்கேன். இரண்டு வாரம் தொடர்ந்து ஸ்குவாட் இறங்கினால், முதலில் சோற்றைக் கூட்டுவேன்.

உங்க நோட்டில் நீங்க பதிந்தும் பார்க்காமல் விட்ட எண் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.