நாத்திகம்

பொத்தேரி ரயில் நிலையம் பக்கத்து டீக்கடையில் ஒரு மாணவர் சொன்னார்: "அப்பா ஐ.சி.யூ.வில இருந்தப்போ நான் வேண்டாத சாமி இல்லைண்ணே. இப்போ நான் நாத்திகன்." அந்தச் சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

'ந அஸ்தி', அதாவது 'இல்லை' என்ற வடமொழித் தொடரிலிருந்து வந்தது நாஸ்திகம், தமிழில் நாத்திகம். எது இல்லை? பாணினிக்கு உரை கண்டவர்கள் மறுவுலகம் என்றார்கள். மனுநூலுக்கோ வேதத்தைப் பழிப்பவனே நாத்திகன். அதனால்தான் வேதத்தை ஏற்காத சமணமும் பௌத்தமும் நாத்திகம் எனப்பட்டன. உலகைப் படைத்த கடவுள் ஒருவரைக் கொள்ளாத மீமாம்சை, வேதத்தை ஏற்றதால் ஆத்திகமாயிற்று! கடவுள் இல்லை என்ற இன்றைய பொருள் தமிழ்நாட்டில் இவ்வளவு ஆழமாக ஊன்றியதில் பெரியாருக்குப் பெரும் பங்கு உண்டு.

பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் இரண்டாவது நிறுத்தம் மறைமலை நகர். வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர். அவர் வழியில் நாத்திகத்துக்கும் நல்ல தமிழ் இருக்கிறது: இறைமறுப்பு. ஆனால் மறுப்பு என்றால் வழக்காடுவது. அந்தப் பிள்ளை வழக்காடவில்லை. கூப்பிட்டார், பதில் வரவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு நம்பிக்கை வந்ததும் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். என் மகள் பிழைத்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாத்திகன் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். எது இல்லாமல் போயிற்று என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.